மூக்கனுக்கும் சீனிக்கும் கருகல் ரொட்டி

ஹட்டனில் ஒரு பலசரக்குக் கடை, கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப் போகும் லாரி, எந்த மழைக்கும் ஒழுகாத கல்வீடு, இவ்வளவையும் எழுப்பியவன் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான்தான். கைதூக்கிவிட ஆளில்லை. ஆனால் நான் கட்டிய முதல் வீடு இவற்றில் எதுவுமில்லை. டயகமப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட லயத்தில், எங்கள் அறையின் மூலையில், உடைந்த தேயிலைப் பெட்டியை நிமிர்த்தி, உள்ளே மினுங்கிய ஈயத்தாள் கிழியாமல் நான் கட்டிய எலி வீடுதான் அது. இன்றைக்கும் தேங்காய் ரொட்டி கருகும் வாசம் வந்தால் எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும்.

விறகுக் கட்டுக்குள் கண் திறக்காமல் கிடந்த இரண்டு குஞ்சுகளை அக்காவும் நானும் எடுத்து, துணித்திரியைக் கஞ்சியில் நனைத்து ஊட்டி வளர்த்தோம். ஒன்று எதையும் முகர்ந்து பார்த்தே தின்னும், அது 'மூக்கன்'. மற்றது, நாங்கள் பாலில்லாத சாயத்தண்ணி குடிக்க உள்ளங்கையில் வைத்திருக்கும் சீனியை நக்கிவிட்டு ஓடும், அது 'சீனி'. விடிகாலைக் குளிரில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்புச் சத்தம் கேட்டதும் இரண்டும், பெட்டிக்குள் மெத்தையாகப் போட்டிருந்த அப்பாவின் கம்பளித் தொப்பிக்குள்ளிருந்து எழுந்து அடுப்படிக்கு வந்துவிடும். கரட் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ரொட்டியின் கருகிய ஓரம் என்றால் உயிரை விடும். அந்த ஓரத்தை நான் தின்றதே இல்லை. "எலி வளர்த்த வீட்டுல மாவு மிஞ்சாது" என்று அம்மா திட்டுவாள். திட்டிக்கொண்டே ரொட்டியைக் கொஞ்சம் கூடுதலாகக் கருகவிடுவாள்.

ஒருமுறை லயம் முழுக்க எலிமருந்து வைக்க ஆள் வருவதாகச் சொன்னார்கள். கூரை எல்லா அறைக்கும் ஒன்றுதான், எங்கே மூடிவைத்தாலும் இவை கடித்துக்கொண்டு மேலே ஏறிவிடும். ஏறினால் மருந்து உருண்டை. வருகிறவர் பெட்டியைக் கண்டாலும் விடமாட்டார். அப்போதுதான் தோட்டத்துக் கணக்கில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போகத் தொடங்கியிருந்த அக்கா, இடுப்பில் கட்டும் 'படங்கு'ச் சாக்கின் மடிப்பில் தொப்பியோடு இரண்டையும் செருகிக்கொண்டு மலைக்குப் போனாள்.

நான் பள்ளிக்கூடம் போகவில்லை. கருகல் துண்டுகளைக் காற்சட்டைப் பையில் நிரப்பிக்கொண்டு, பகல் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஓடினேன். வரிசையில் அக்கா கணக்கப்பிள்ளைக்கு நேராக நிற்கிறாள். அந்த நேரம் பார்த்துப் படங்குக்குள்ளிருந்து ஒரு கீச்.

கணக்கப்பிள்ளை நிமிர்ந்தார். "என்னம்மா வயித்துல சத்தம்?"

"பசிங்கய்யா."

"பசி கீச்சுனா கத்தும்?"

"காலையில ஒண்ணும் திங்கலங்கய்யா."

வரிசையே சிரித்தது. மறுபடியும் கீச். அக்கா படங்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். படங்கை அவிழ்க்கச் சொன்னால் எலிகளும் போகும், அவள் பேரும் போகும். நான் பெண்களுக்கு நடுவே புகுந்து, "அக்கா, ரொட்டி!" என்று கத்தியபடி கையிலிருந்த ஓரத்தை நேராகப் படங்கு மடிப்புக்குள் திணித்தேன். சத்தம் நின்றது.

"அடேய், வாயி மேலல்லவா இருக்கு!" என்றார் கணக்கப்பிள்ளை. சிரிப்பில் தராசு ஆடியது. "போம்மா, போ. அடுத்த ஆள்!"

பொழுது சாய, மருந்து வைத்தவர்கள் மிஞ்சிய உருண்டைகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். மூக்கனும் சீனியும் வயிறு முட்டத் தின்று தொப்பிக்குள் தூங்கியபடியே வீடு வந்து சேர்ந்தன. பிறகு அவை எங்கள் வீட்டிலேயே கிழடாகித்தான் செத்தன.

இப்போது பலகைத் தேயிலைப் பெட்டி கிடையாது, எல்லாம் காகிதப் பை. தப்புச் சத்தமும் இல்லை. மிஞ்சியிருப்பது இந்தக் கதை ஒன்றுதான். அதையும் அக்கா கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு எப்படிச் சொல்கிறாள் தெரியுமா? "எலிய இடுப்புல கட்டி நாந்தான் காப்பாத்துனேன். இவன் ரொட்டி தின்னுக்கிட்டு வேடிக்க பார்த்தான்!" சபையே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. கடையும் லாரியும் வைத்திருக்கிற என்னைப் பார்த்து!

இதை அவளுடைய பேத்தி வாசித்துக் காட்டட்டும். அக்கா, சுமந்தது நீதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த வாயை அடைத்தது யார்? வருகிற தை மாதம் உன் பேரன் கல்யாணம். மொய்யோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். கதையைச் சொல், ஆனால் 'தம்பி கொண்டுவந்த ரொட்டி' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மைக்கில்.