வத்தை போன திசை

கோட்டைப்பட்டினம் கரையில் யாரோ வத்தைப் படகுக்குச் சுறா எண்ணெய் பூசுகிறார்கள். 1940களில் அத்தாவின் சட்டையில் இதே நெடிதான். மீனுக்காக மட்டுமல்ல, கழிமுகங்களையும் மணல்திட்டுகளையும் பார்ப்பதற்கென்றே சின்ன வத்தையில் நாள்கணக்கில் தனியாகப் போவார்.

"பேசாம அந்த வத்தையவே நிக்காஹ் பண்ணியிருக்கலாம்" என்பாள் அம்மா.

"அது கேள்வி கேக்காது புள்ள" என்று அத்தா சிரிப்பார்.

அம்மாவும் கேட்டதில்லை. புறப்படுகிறவரிடம் எங்கே என்று கேட்டால் சகுனம் கெடும் என்பது வீட்டு வழக்கம். கட்டுச்சோற்றை மட்டும் நீட்டுவாள்.

ஓர் ஐப்பசிப் புயலுக்குப் பிறகு அவர் திரும்பவில்லை. தேடக் கிளம்பியவர்கள் வாசலில் நின்றார்கள்.

"வடக்கயா தெக்கயா, எங்கிட்டுப் போனாரு லாத்தா?"

அம்மாவுக்குத் தெரியவில்லை.

அதன்பின் சாகும்வரை, கிணற்றடிக்குப் போகும் எங்களைக்கூட மறித்து, "எங்கிட்டுப் போற?" என்று கேட்டாள்.