இடது தோள்

கல்லூரியில் அவளைக் குட்டைப் பென்சில் என்றுதான் கூப்பிடுவார்கள். விரலில் பிடிக்க முடியாத அளவு தேயும்வரை ஒரு பென்சிலையும் தூக்கிப் போடமாட்டாள். ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வரைய உட்கார்ந்தால் பசி தெரியாது. அடுத்தவர் படத்தைப் பார்க்க நின்றாலும் அப்படித்தான். யாராவது கையைப் பிடித்து இழுக்க வேண்டும்.

அந்த ஆண்டுக் கண்காட்சியில் சைக்கிள்காரனின் படத்துக்கு முன்னால் நின்றபோது மட்டும் யாரும் இழுக்காமலே அவள் பின்வாங்கினாள். அவன் அவள் வகுப்புதான்; தினமும் சைக்கிளில் வருவதால் அந்தப் பெயர். படத்தில் ஒரு பெண் தையல் மெஷினில் குனிந்திருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. இடது தோள் ஏறியிருந்தது. கழுத்தில் ஜன்னல் வெளிச்சம்.

அவளுடைய அம்மாவுக்குத் தையல் வேலை. போன மாதம் இதே முதுகை, இதே தோளை நோட்டில் வரைந்திருந்தாள். அந்த நோட்டு ஒருநாள் காணாமல் போனது. மறுநாள் கொண்டுவந்து கொடுத்தவன் அவனேதான். "கேன்டீன்ல கிடந்துச்சு" என்று சொன்னான்.

கேன்டீனுக்கு அன்று அவள் போகவே இல்லையே? போனாளோ? ஞாபகம் வரவில்லை. கண்காட்சியில் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து கையால் மறைத்துக்கொண்டே வரைந்தாள். அவன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று பார்த்தாள். பேசாமல் இருந்தால் குற்ற உணர்ச்சி என்று நினைத்தாள். ஒரு வாரத்துக்குமேல் தாங்க முடியவில்லை.

"படத்துல இருக்கறது யாரு?"

"எங்க சித்தி. டெய்லர் கடையில வேலை."

"பொய் சொல்லாத. என் நோட்டப் பாத்துதானே வரைஞ்ச?"

அவன் முகம் சுருங்கியது. பையிலிருந்து பழைய தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். அதே சித்தி, அதே தோள். கீழே ஆசிரியரின் கையெழுத்து, போன வருடத் தேதி. "முதல் வருஷம் வராண்டாவுல ஒட்டியிருந்தாங்க. நீகூட நின்னு பாத்தியே."

தேதியை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணியபடியே வீட்டுக்குப் போனாள். சாட்சிக்கு அம்மாவிடம் நோட்டை விரித்தாள்.

"அம்மா, இது நீதானே?"

அம்மா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாருடி இது? எனக்கு ஏறியிருக்கறது வலது தோளு. பத்து வருஷமா வலிக்குது, உனக்குத் தெரியாதா?"

வராண்டாவும் அந்தத் தாளும் மெல்ல நினைவுக்கு வந்தன. அன்று நேரம் போவது தெரியாமல் நின்றிருக்கிறாள். தினமும் கண்ணெதிரே இருந்த அம்மாவை விட்டுவிட்டு, எவனோ பார்த்த சித்தியை வரைந்திருக்கிறாள்.

மறுநாள் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். "சரி, விடு" என்றான். சொல்லிக்கொண்டே மேசைமேல் திறந்து கிடந்த தன் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தான். அதன்பிறகு அவள் பக்கத்தில் வந்தால் அவன் நோட்டு திறந்திருந்ததே இல்லை.

அவளும் அவனைக் குறை சொல்லவில்லை. தன் கையையே அவளால் நம்ப முடியவில்லை. ஒரு கோடு நன்றாக விழுந்தால், இதை எங்கே பார்த்தோம் என்று யோசித்தாள். ஆனாலும் கண்காட்சி முடியும்வரை, கூடத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய் அந்தப் படத்தின் முன் நின்றாள். அது அவ்வளவு நன்றாக இருந்தது.