ஃபிரிட்ஜ் கதவில் ஏறும் எண்

வாயில் பிரஷ்ஷோடு வந்து சமையலறை மேசையில் இருக்கும் மடிக்கணினியைத் திறப்பாள். நுரை வழியாமல் அண்ணாந்துகொண்டு, கண்ணை மட்டும் தாழ்த்தி ஓர் எண்ணைப் பார்ப்பாள். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டிய தாளில் தேதி போட்டு அதை எழுதுவாள். வாய் கொப்பளிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். திங்கட்கிழமை நானூற்று முப்பத்தொன்று. செவ்வாய் முப்பத்தைந்து. புதன் முப்பத்தொன்பது.

"என்னடி இது, நாலு நாலா ஏறுது? ரத்தக்கொதிப்பா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. எனக்கில்ல, மெயில் சர்வருக்கு."

இவள் என் ஓரகத்தி. கொழுந்தன் மனைவி. முப்பத்தெட்டு வயதாகியும் வீட்டில் எல்லோருக்கும் சின்னவள்தான். சரக்குக் கிடங்கு நடத்தும் ஒரு கம்பெனியில் மெயில் சர்வரைக் கவனிப்பது அவள் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்ப்பாள். வீடு என்றால் என் மேசை. நான் காய் நறுக்கும் இடத்துக்கு நேர் எதிரே.

முந்நூறு பேருடைய மெயிலும் ஒரே கோப்புக்குள் இருக்கிறதாம். டேட்டாபேஸ் என்கிறாள். இரண்டு மாதமாக அது வேலை நாள் ஒவ்வொன்றுக்கும் நாலு ஜிபி வீங்குகிறது. அது இருக்கும் வட்டு ஐந்நூறுதான் தாங்கும். நிரம்பிவிட்டால் ஒருவருக்கும் மெயில் வராது, போகாது. பெரிதாக ஒன்று வாங்கி மாட்டித் தொலைக்கக் கூடாதா என்றேன். ஆர்டர் போட்டால் இரண்டு மாதமாகுமாம்.

தாளின் அடியில் நானூற்று எண்பது என்று எழுதி ஒரு சிவப்புக் கோடும் போட்டிருந்தாள். கையெழுத்துதான் அவளுடையது, கோடு அவள் மேனேஜருடையது.

அந்தக் கிடங்கில் சுமை ஏற்றும் ஒருவருக்கு, சரக்கை நகர்த்தும் பெல்ட்டில் மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. பெல்ட் பழுது என்று முன்கூட்டியே மெயில் போட்டோம் என்கிறார்கள் தொழிலாளிகள். வரவே இல்லை என்கிறது கம்பெனி. விஷயம் கோர்ட்டில் இருக்கிறது. நாற்பது பேருடைய மெயில் பெட்டியில் எதுவும் அழியக் கூடாது என்று கம்பெனி வக்கீல் சொல்ல, சின்னவள்தான் பூட்டுப் போட்டாள். அந்தப் பெட்டிகளில் எதை அழித்தாலும் மாற்றினாலும், பழையது கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும்.

மேனேஜர் போனில் பேசியது எனக்கும் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் எல்லோரிடமும் பேசுவாள். இரண்டு கையும் தட்டச்சில் இருக்கும்.

"நானூத்தி எண்பது வரைக்கும் பாரும்மா. தாண்டிச்சுன்னா அந்தப் பூட்ட எடுத்து விட்டுடு. வக்கீல்கிட்ட நான் பேசிக்கறேன்."

"எடுத்தா அழிச்ச மெயிலெல்லாம் நெஜமாவே போயிடும் சார்."

"போனா போகட்டுமே. எவ்வளவோ போகுது."

"வெரல் போனதே போதும் சார்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க்கா, காய இப்படியா நறுக்குவாங்க? ஒண்ணு மலை, ஒண்ணு மடு." அவளுக்குக் கோபம் வந்தால் என் சமையலில்தான் குற்றம் தெரியும். பதினாறு வருஷமாக இதுதான். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. ஆனால் அன்று விட்டுவிட்டேன்.

ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் மாற்றிப் பார்ப்பாள். அது அவள் சட்டம். போன வருஷம் சலவை இயந்திரத்தில் தண்ணீர் ஒழுகியது. நான் குழாயையும் மாற்றினேன், துணியையும் குறைத்துப் போட்டேன். ஒழுகல் நின்றுவிட்டது. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள்.

"ரெண்டையும் ஒண்ணா மாத்திட்டீங்களே, எது கெட்டுப் போச்சுன்னு இப்ப எப்படித் தெரியும்?"

"துணி தொவச்சிருச்சில்ல? போதும் போடி" என்றேன். அவளுக்குப் போதவில்லை. நான் தூக்கிப் போட்ட பழைய குழாயைக் குப்பையிலிருந்து எடுத்து வந்து மாட்டிப் பார்த்து, வீடெல்லாம் தண்ணீராக்கி, "குழாய்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள்.

இப்பேர்ப்பட்டவளும் முதல் வாரம் தப்பான வீட்டுக் கதவைத்தான் தட்டினாள். கணக்குப் பிரிவில் இரண்டு பெண்கள் ஆளுக்கு நாற்பதாயிரம் மெயில் சேர்த்து வைத்திருந்தார்கள். திருமண வாழ்த்து முதல் விடுமுறைப் படம் வரை ஒன்றைக்கூட விட்டதில்லை. "வீடு கட்டற மாதிரி சேத்து வெச்சிருக்கீங்க" என்று போனில் அதட்டி, உட்கார்ந்து அழிக்க வைத்தாள். ஒரு பெண் அழுதே விட்டாள். மறுநாள் எண் நாலு ஏறித்தான் இருந்தது. பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டு அதன் முன்னாலேயே நின்றாள்.

"அவங்க பொட்டிலயும் பூட்டுதான்க்கா. அழிச்சதெல்லாம் அந்த மூலைக்குத்தான் போயிருக்கு. எனக்குத் தெரியாம இருந்தா பரவால்ல. தெரிஞ்சுமே கத்தியிருக்கேன்."

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை எண் நானூற்று எழுபத்தொன்று. அன்று அவள் மெயில் பெட்டிகளைப் பார்க்கவில்லை. ஃபிரிட்ஜைத்தான் பார்த்தாள். காபி ஆறிப்போகும் வரைக்கும் பார்த்தாள். சனி, ஞாயிறு எண் ஏறவில்லை. அது முன்பே தெரிந்ததுதான். ஆனால் போன வாரம் புதன் காலையிலும் நானூற்று ஐம்பத்தொன்பது, வியாழன் காலையிலும் அதே ஐம்பத்தொன்பது. தூக்கக் கலக்கத்தில் முந்தின நாளுடையதைப் பார்த்து எழுதிவிட்டோம் என்று விட்டிருந்தாளாம்.

"நான் அப்படி எழுதற ஆளாக்கா?"

"நீயா? நீ தூக்கத்துலகூடத் தப்பாக் கொறட்டை விட மாட்டே."

எண் ஏறாத அந்தப் புதன்கிழமை லீவு போட்டவர்கள் யார் யார் என்று அலுவலகத்தில் கேட்டு வாங்கினாள். ஏழு பேர். அதில் பூட்டுப் போட்ட பெட்டி இருப்பவர் ஒரே ஒருவர். லாரிகளைக் கிடங்கு வாசலில் வரிசைப்படுத்தும் மேற்பார்வையாளர். அங்கே அவருக்குச் சுத்தம் சார் என்று பெயர். மேசையில் ஒரு பேனா மட்டும் இருக்குமாம். மெயில் பெட்டியில் எப்போதும் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இருக்காதாம். அதனாலேயே இத்தனை நாள் அவர் பக்கம் இவள் திரும்பவே இல்லை. அவர் பெட்டியின் அந்தக் கண்ணுக்குத் தெரியாத மூலையைத் திறந்து பார்த்தாள். நூற்று அறுபது ஜிபி.

புதன் காலை எண் எழுபத்தைந்து. விடிந்தால் எழுபத்தொன்பது, அதற்கு மறுநாள் கோடு தாண்டிவிடும். எட்டு மணிக்கே அவரைப் பிடித்தாள்.

"என் பொட்டியா? என் பொட்டில பதினோரு மெயில்தாம்மா இருக்கு! படிச்ச கையோட அழிச்சிடுவேன். ஆபீஸே குப்பை, என்னைப் போய்ச் சொல்றியே!"

"மெயில் இல்ல சார். லாரி வரிசைய எங்க எழுதறீங்க?"

"காலண்டர்ல. ஒரே ஒரு பதிவு, 'இன்னைய லாரி'ன்னு. அதையே மாத்தி மாத்தி எழுதிக்குவேன். ஆளாளுக்கு மெயில் போடறதவிட இது சுத்தமில்லையா?"

"அதுல படம் ஏதாவது ஒட்டியிருக்கீங்களா?"

"ரெண்டு மாசமா ஒட்டறேன். எந்த வாசல்ல எந்த வண்டி நிக்கணும்னு போட்டோ. ஒரு இருவது இருக்கும். டிரைவருங்க மாத்தி நிறுத்திடறாங்கம்மா."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ மாத்துவீங்க?"

"வண்டி வந்தா ஒரு தடவ, போனா ஒரு தடவ. எம்பது இருக்குமா?"

சின்னவள் தட்டச்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவர் ஒரு வரியை மாற்றும்போதெல்லாம், மாற்றுவதற்கு முந்தைய பதிவு இருபது போட்டோவோடும் முழுசாக அந்த மூலைக்குப் போயிருக்கிறது. நாளைக்கு எண்பது தடவை. அதை அவருக்குப் பொறுமையாகச் சொன்னாள்.

"அப்ப நான்தானா குப்பை போட்டது?"

"நீங்க போடல சார். நீங்க தூக்கிப் போட்டத நாங்க பத்திரமா எடுத்து வெச்சோம்."

போட்டோக்களை அச்செடுத்து வாசல் சுவரிலேயே ஒட்டச் சொன்னாள். லாரி வரிசைக்கு எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு வெற்று அட்டவணை போட்டுக் கொடுத்தாள். "பழைய பதிவத் தொடாதீங்க சார். அழிக்கவும் வேணாம், திருத்தவும் வேணாம். அப்படியே விட்டுடுங்க" என்று மூன்று தடவை சொன்னாள். அடுத்த போன் கணக்குப் பிரிவுக்கு. "அன்னைக்கு நான் பேசினது தப்பு. உங்க மேல ஒண்ணுமில்ல" என்றாள். வேறு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. மூஞ்சி மட்டும் சிவந்துபோயிருந்தது.

வியாழன் காலை நானூற்று எழுபத்தாறு. அட்டவணை தயாராகும் வரைக்கும் சுத்தம் சார் பழைய பதிவில் எழுதியதால் ஏறியது அந்த ஒரு ஜிபி. பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னம்மா, கண்டுபிடிச்சிட்டேங்கற, எறங்கவே இல்லையே?"

"எறங்காது சார். ஏறாது."

"அப்ப அந்தப் பூட்டு?"

"பூட்டு இருக்கு சார்."

வெள்ளிக்கிழமை காலை வழக்கம் போல வாயில் பிரஷ்ஷோடு வந்தாள். நான் அடுப்பை விட்டு நகர்ந்து அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். நானூற்று எழுபத்தாறு.

"அதான் நின்னுடுச்சேடி. தாளக் கிழிச்சிடவா? என் ஃபிரிட்ஜ் ஃபிரிட்ஜா இருக்கட்டும்."

வாய் நிறைய நுரை. பொறு என்று ஒரு விரலைக் காட்டினாள். தாளில் நானூற்று எழுபத்தாறு என்று எழுதினாள். அதற்குக் கீழே மறுநாள் தேதியைப் போட்டு, பக்கத்தில் எண்ணுக்கு இடம் விட்டு, வாய் கொப்பளிக்கப் போனாள்.