இரண்டு மிஸ்டு கால்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் அண்ணனின் பட்டன் போன் எப்போதும் சாமி படத்துக்குக் கீழேதான் கிடக்கும். ஒரு மிஸ்டு கால் வந்தால் 'வந்துகொண்டிருக்கிறேன், பஸ்ஸை நிறுத்தி வை' என்று பொருள். இரண்டு வந்தால் 'இன்று வரவில்லை, கிளம்பு.' போனை எடுக்கவே கூடாது. எடுத்தால் கூப்பிட்டவனுக்குக் காசு போய்விடும். தெற்கிலிருந்து பிழைக்க வந்து ஒரகடம் பக்கம் அறை எடுத்துக் கிடந்த எங்களுக்காக இந்தச் சட்டத்தைப் போட்டவர் சூப்பர்வைசர் சார்.

சாருக்கு ஆங்கிலச் சொற்கள் என்றால் உயிர். அதிலும் சொன்ன நேரத்துக்கு வருவது, வராமல் கழுத்தறுப்பது பற்றிய சொற்களை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வருவார். நேரத்துக்கு வந்தவன் 'ஆன் த டாட்'. சொல்லாமல் ஊருக்கு ஓடியவன் 'ஃபிரெஞ்ச் லீவ்'. வராமலே போனவன் 'நோ ஷோ'. வருகிறேன் என்று சொல்லி வராத ஒரு பெண்ணுக்காகப் படப்பை பஸ் ஸ்டாப்பில் நான் காய்ந்த கதை தெரிந்ததும், "உன்ன ஸ்டாண்ட் அப் பண்ணிட்டாப்பா" என்றார். காதலர் சந்திக்கும் 'ட்ரிஸ்ட்' என்ற சொல், ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் பதுங்கிக் காத்திருந்த இடத்தைக் குறித்ததாம். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சிரித்தார். வெந்த புண்ணில் வேல்தான். ஆனாலும் அவர்மேல் கோபம் வரவில்லை.

அவர் மணிமங்கலத்திலிருந்து பைக்கில் படப்பை வந்து எங்களோடு பஸ் ஏறுவார். பிந்தியதே இல்லை. ஒரு மழைக்கால விடியலில் அவரைக் காணோம். அவர் நம்பரிலிருந்து போன் அடித்து நின்றது. மறுபடி அடித்தது, இம்முறை நெடுநேரம்.

"எடுங்கண்ணே" என்றான் ஒருவன்.

"எடுத்தா அவரே திட்டுவாருப்பா. அவரு போட்ட ரூலு" என்றார் டிரைவர்.

"சாரே இன்னிக்கு நோ ஷோ" என்று பின்சீட்டில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம். பஸ் கிளம்பியது.

லாரி அடித்து மணிமங்கலம் ஏரிக்கரைப் பள்ளத்தில் கிடந்தபடிதான் சார் கூப்பிட்டிருக்கிறார். பால்காரர் பார்த்துத் தூக்கியபோது உயிர் இருந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

டிரைவர் அண்ணன் அந்த வேலையை விட்டுவிட்டார். இப்போது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அண்மையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். போன் சட்டைப் பையில் இருந்தது. அடித்ததுமே வண்டியை ஓரங்கட்டி எடுத்தார். ஏதோ விளம்பரக் குரல், எனக்கே கேட்டது. அது என்ன சொல்கிறது என்று காதில் வாங்கும் முன்பே அவர் கேட்டுவிட்டார்:

"சொல்லுங்க, எங்க கீறீங்க?"