எண்ணிக்கையில் மட்டும் இருந்த அறை

தரகர் அலுவலகத்தில் அவளுக்கு எழுத்தம்மா என்று பெயர். விற்பனைக்கு வரும் வீடுகளைப் பற்றி நாலு பத்தி விளம்பரம் எழுதித் தருவது வேலை. ஒன்பது வருடத்தில் முந்நூறு வீடுகளுக்கு எழுதியாகிவிட்டது. குடியிருப்பதென்னவோ வாடகை வீட்டில். அவள் எழுதினால் கேட்பாரற்ற வீடும் கை மாறிவிடும் என்று தரகர் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். சம்பளம் பேசும்போது மட்டும் அது அவருக்கு மறந்துபோகும்.

அவளிடம் ஒரு நேர்மை இருந்தது. அதைவிட வசதியான நேர்மை உலகத்தில் கிடையாது. பொய் எழுதமாட்டாள். பத்துக்குப் பன்னிரண்டு அறையை விசாலம் என்று எழுதச் சொன்னால், அளவை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வாள். வெயில் எத்தனை மணிக்கு எங்கே விழும் என்பதைப் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். படிக்கிறவர்கள் அதனாலேயே நம்பினார்கள். நல்லதாகச் சொல்ல எதுவுமில்லாத அறையை மாத்திரம் எண்ணிக்கையில் சேர்த்துவிட்டு, மேற்கொண்டு ஒரு வார்த்தை எழுதாமல் விட்டுவிடுவாள். யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்பது அவள் தர்மம். இதுவரை யாரும் கேட்டதில்லை.

அன்று காலை பத்தரைக்குத் தங்கை போன் செய்தாள். வீடு அமைந்துவிட்டதாம், பதினொன்றரைக்குக் கையெழுத்தாம். சொந்தத்துக்குள் வியாபாரம் வைத்தால் உறவு கெடும் என்று அவள் கணவர் சொன்னதால் வேறொரு தரகர் மூலம் பார்த்தார்களாம். முடிந்த பிறகு சொல்லத்தான் இருந்தாளாம், வாய் நிற்கவில்லையாம்.

"வீட்டப் பத்தி என்னமா எழுதியிருக்காங்க தெரியுமா? நீயும்தான் எழுதறியே. இதக் கேளு."

வாசிக்கத் தொடங்கினாள். எழுத்தம்மா சக தொழிலாளியின் பொறாமையோடுதான் காதைக் கொடுத்தாள். காலை ஏழரைக்கு வரும் வெயில் ஒன்பதரை வரை கூடத்தின் நடுவில் இருக்கும் என்ற வரிக்கு, பரவாயில்லையே என்று மனதுக்குள் மதிப்பெண்கூடப் போட்டாள். சமையல் மேடையின் உயரம் அங்குலக் கணக்கில் வந்தபோதுதான் புரிந்தது. அதை அளந்தது அவள் கை. போன வருடம் அவள் எழுதிய வீடு. அவளுடைய தரகரும் இன்னொருவரும் கூட்டாக விற்கிறார்கள். வாங்குபவர் அந்த இன்னொருவரின் ஆள் என்பதால் பெயர் இந்தப் பக்கம் வரவேயில்லை. கையெழுத்துக்கென்று தரகர் சற்றுமுன்தான் கிளம்பிப் போயிருந்தார்.

மூன்று படுக்கையறை என்று தங்கை வாசித்தாள். விவரம் இரண்டுக்குத்தான் இருந்தது.

"பின்னறை யாருக்கு?"

"பாப்பாவுக்குத்தான். தெருத் தூசி வராதாம். அவ வீசிங்குக்கு அதான் நல்லதுன்னு இவரு மொதல்ல அந்த ரூமத்தான் புடிச்சாரு."

அந்த அறையின் பின்சுவரில் ஓதம். தரையிலிருந்து இடுப்புயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை ஏறியிருந்ததை அவள் பார்த்திருந்தாள். ஐந்து நிமிடம் நின்றதற்கே இருமல் வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கை நம்பவில்லை. மேடையைக்கூட அளந்து எழுதுகிறவர்கள் இதையா விட்டுவிடுவார்கள் என்று கேட்டாள்.

"விட்டது நான்தான்டி."

"அக்கா, உனக்கு ஒரு வீடு அமையலன்னு எனக்கும் வருத்தம்தான். அதுக்காக இன்னிக்குப் பார்த்தா இப்படிப் பேசுவே?"

போன் வைக்கப்பட்டது. அப்புறம் எடுக்கப்படவேயில்லை.

கிடைத்த வண்டியைப் பிடித்து அவள் போய் இறங்கியபோது பதினொன்று இருபத்தைந்து. வழியிலிருந்த ஒவ்வொரு சிக்னலும் அவளுக்கென்றே சிவந்திருந்தது. கூடத்தில் மேசைமேல் காகிதங்கள், சுற்றிலும் வீட்டின் சொந்தக்காரர், இரண்டு தரகர்கள், தங்கை, தங்கை கணவர். தங்கை கையில் பேனா. எழுத்தம்மா யாரிடமும் நிற்காமல் பின்னறைக்குப் போனாள். புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். பின்சுவரை மறைத்து நீளமாக ஒரு இரும்பு பீரோ.

அவளுடைய தரகர் பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நாளைக்கு ஆபீசுக்கு வர்ற எண்ணம் இருக்கா இல்லையா?"

அவள் பீரோவில் தோளைக் கொடுத்தாள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள், அவர் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தனியாகவே தள்ளினாள். பீரோ கிறீச்சிட்டு முதலில் ஒரு சாண் நகர்ந்தது, அப்புறம் ஒரு முழம். கண்ணுக்குத் தெரிவதற்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை கைக்குட்டையை எடுத்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றார் சொந்தக்காரர், உண்மையிலேயே மனம் புண்பட்டவராக.

தங்கை சுவரைப் பார்த்தாள். பிறகு அக்காவை.

"வாங்க வந்தது வேற யாராவதா இருந்தா, இப்படி ஓடி வந்திருப்பியா?"

தரகரும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"மாட்டேன்," என்றாள் எழுத்தம்மா.

தங்கை தலையாட்டினாள். பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, கணவரோடு படியிறங்கினாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. எழுத்தம்மா வாசல்வரை பின்னாலேயே போய், செருப்பை மாட்டிக்கொண்டு, அவர்கள் வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்றாள்.

உள்ளே மூன்று ஆண்களும் சேர்ந்து பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளும் சத்தம் கேட்டது. நாலு மணிக்கு இன்னொரு குடும்பம் வருகிறது, கைக்குழந்தையோடு வருவார்கள், அதற்குள் கொஞ்சம் ஊதுவத்தி ஏற்றி வையுங்கள் என்று தரகர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே போனாள்.