மதிய ஷிஃப்ட்டில் திறக்காத லிஸ்ட்

ருக்குமணிக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் அவள் கணவன் பழனிவேல் இறந்ததுதான். எண்பத்து நான்கில் மஞ்சள் காமாலை வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பன்னிரண்டாம் நாள் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் அறுந்த கன்வேயர் பெல்ட்டை ஒட்டுகிற வேலை அவனுக்கு. ஆறு வருஷம் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு, பெர்மனென்ட் ஆகி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. வாரிசு வேலைக்கு மனுப் போடச் சொன்னார்கள், போட்டாள். குறிஞ்சிப்பாடியில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்ததால் கம்ப்யூட்டர் பிரிவில் ஆபரேட்டராக எடுத்துக்கொண்டார்கள். மூன்று வருஷம் தற்காலிகம், அதற்குப் பிறகு பெர்மனென்ட்.

சாவு வீட்டில் அவள் அழவில்லை என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். அழக்கூடாது என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். மூன்று வருஷம் கழித்தும் அப்படியே இருந்தாள். வாரிசு வேலையோடு கொடுத்த பதினெட்டாம் வட்டத்துக் குவார்ட்டர்ஸில் அவளும் மாமியார் சாமியம்மாளும் மட்டும். சோறு போட்டால் சாப்பிடுவாள். போடாவிட்டால் கேட்க மாட்டாள்.

வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எதைக் கொடுத்தாலும் உள்ளதை உள்ளபடி அடிப்பாள். பெயரில் தப்பு இருந்தால் தப்போடு அடிப்பாள். முதலில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்கு ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும், சின்ன எழுத்தே கிடையாது. அதனால் உட்கார்ந்ததும் கேப்ஸ் லாக் பட்டனை அமுக்கிவிட்டுத்தான் மற்ற வேலை என்று பழக்கியிருந்தார்கள். அவள் விரலும் அப்படியே பழகிவிட்டது.

எண்பத்தேழு ஆகஸ்டில் பழையதை எடுத்துவிட்டுப் புது கம்ப்யூட்டர் வைத்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர் பழைய ஃபைல்களையெல்லாம் அதே பெரிய எழுத்துப் பெயர்களோடு டேப்பிலிருந்து புதியதற்கு மாற்றினார். அதில் ஒன்று குவார்ட்டர்ஸ் சீனியாரிட்டி லிஸ்ட். யாருக்கு முதலில் வீடு, யார் எத்தனையாவது நம்பர் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது.

காலை ஏழு மணியிலிருந்து ஒரு மணி வரை இன்னொரு ஆபரேட்டர் விஜயகுமாரி. திருநெல்வேலிப் பக்கம், நல்ல வாய். ஒரு மணியிலிருந்து ஏழு மணி வரை ருக்குமணி. காலையில் லிஸ்ட் திறந்தது. மதியம் திறக்கவில்லை.

ருக்குமணி தன் பெயரை அடித்து உள்ளே போவாள். புரோகிராம் ஓடும். எந்த ஃபைல் என்று கேட்கும். 'சீனியர்' என்று ஆங்கிலத்தில் அடிப்பாள். 'சீனியர்' என்ற ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று பதில் வரும். ஃபைல்களின் பட்டியலைக் கேட்டால் அந்தப் பெயர் அங்கேயே இருக்கும்.

மறுநாள் காலையில் விஜயகுமாரி உட்கார்ந்தால் முதல் தடவையிலேயே திறக்கும்.

சுரங்கத்தில் முதல் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் மதியம்தான் வருவார்கள். கொளஞ்சியப்பன் என்று ஒருவர் குள்ளஞ்சாவடியிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வருகிறவர், ஒன்பது வருஷமாக வீட்டுக்குக் காத்திருந்தார். முகம் கழுவாமல் அப்படியே ஜன்னலுக்கு வந்து நிற்பார்.

"என் நம்பர் எத்தினின்னு பாத்துச் சொல்லும்மா."

"லிஸ்ட் திறக்கலீங்க."

"நேத்தும் இதையேதான் சொன்ன. காலையில வந்தவனுக்கெல்லாம் காட்டுதாம். நான் வந்தா மட்டும் மிஷினு ரிப்பேரா? எவன் சொல்லி மறைக்கிற?"

"யாரும் சொல்லலீங்க. திறக்கல."

அவர் கத்துவதை முடிக்கும்வரை ருக்குமணி ஜன்னலுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருப்பாள். அவர் போனதும் வந்து உட்காருவாள்.

இன்ஜினியர் இரண்டு தடவை மெட்ராஸிலிருந்து வந்தார். இரண்டாவது தடவை மதியத்திலேயே வந்து, அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தன் பெயரை அடித்து உள்ளே போனார். லிஸ்ட் திறந்தது. பிரிவு அதிகாரி சங்கரலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் தொட்டா ஓடுது சார். மிஷின்ல ஒண்ணும் இல்ல."

அடுத்த வாரம் ருக்குமணிக்கு மெமோ வந்தது. கவனக் குறைவு, ஏழு நாளில் விளக்கம் எழுதித் தர வேண்டும். அவள் படிக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். பெர்மனென்ட் ஆர்டர் வர நான்கு மாதம் இருந்த நேரம் அது.

வீட்டில் மெமோவைப் பார்த்த சாமியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"நீ தப்பு பண்ணியா?"

"தெரியல அத்தை."

"தெரியலன்னு சொல்லிகினு குந்திகினு இருந்தா? வேலைய எடுத்துட்டான்னா வூட்டையும் காலி பண்ணச் சொல்லுவானே. போயி எங்க போறது?"

ருக்குமணிக்கு பயம் வரவில்லை. பயப்பட வேண்டிய விஷயம் என்று மட்டும் புரிந்தது.

விளக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாததால், திரையில் தெரிவதை ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தாள். அவள் அடித்தது, அதற்கு வந்த பதில், ஃபைல் பட்டியல் எல்லாம். பட்டியலை எழுதும்போது 'சீனியர்' என்ற பெயரில் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு சாய்ந்த கோடு இருந்தது. புது மிஷின் வந்த நாளிலிருந்தே அது இருந்தது. சங்கரலிங்கமும் பார்த்திருக்கிறார். டேப்பிலிருந்து மாற்றும்போது சேர்ந்த குப்பை என்று சொல்லியிருந்தார். ருக்குமணி கோடுகளையும் சேர்த்து எழுதினாள். திறக்க முடியவில்லை என்று வந்த பதிலிலும் அதே பெயர் இருந்தது. அங்கே கோடு இல்லை.

மறுநாள் மழை. பஸ் வரவில்லை என்று விஜயகுமாரி மதியமும் ஆபீஸிலேயே இருந்தாள்.

"அக்கா, நீங்க ஒருவாட்டி உள்ள போங்க. நான் பாக்கணும்."

"என்னத்தப் பாக்கப் போற? தெனமும் பண்றதுதான்."

பழைய மிஷின் பழக்கத்தை எப்போதோ விட்டிருந்த விஜயகுமாரி உட்கார்ந்து தன் பெயரைச் சின்ன எழுத்தில் அடித்தாள். திரையில் வந்த வார்த்தைகளும் சின்ன எழுத்தில் வந்தன. ஃபைல் பெயர் கேட்டபோதுதான் கேப்ஸ் லாக்கை அமுக்கினாள். பட்டியலில் 'சீனியர்' பெரிய எழுத்தில் இருந்தது. ஒரு கோடும் இல்லை.

"அக்கா, கோடு எங்க?"

"எந்தக் கோடு?"

ருக்குமணி நோட்டைக் காட்டினாள். விஜயகுமாரி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒருநாளும் இப்படி வந்ததில்லையே" என்றாள்.

ருக்குமணி உட்கார்ந்து, வழக்கம்போல் கேப்ஸ் லாக் போட்டுத் தன் பெயரை அடித்தாள். திரை முழுக்கப் பெரிய எழுத்து. கோடுகள் இருந்தன. லிஸ்ட் திறக்கவில்லை. வெளியே வந்து, கேப்ஸ் லாக்கை எடுத்துவிட்டு, சின்ன எழுத்தில் உள்ளே போனாள். ஃபைல் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் அடித்தாள். திறந்தது. முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள் வரிசையாக வந்தன.

இரண்டு விதமாகவும் மாற்றி மாற்றி ஆறு தடவை செய்து பார்த்தாள். ஒரு தடவையும் மாறவில்லை.

சங்கரலிங்கம் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார். இன்ஜினியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு விளக்கினார். இந்தக் கம்ப்யூட்டருக்குப் பெரிய எழுத்துப் பெயர் வேறு, சின்ன எழுத்துப் பெயர் வேறு. ஆனால் உள்ளே வருகிறவர் தன் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்தால், சின்ன எழுத்தே இல்லாத பழைய காலத்து மிஷினில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளும். அதன் பிறகு அவர் எதை அடித்தாலும் உள்ளே சின்ன எழுத்தாக மாற்றிக்கொள்ளும், திரையில் மட்டும் பெரியதாகக் காட்டும். நிஜமாகவே பெரிய எழுத்தாக இருப்பதற்கு அடையாளமாகக் கோடு போடும். ருக்குமணி பெரிய 'சீனியர்' கேட்டாள். கம்ப்யூட்டர் சின்ன 'சீனியரை'த் தேடியது. அப்படி ஒரு ஃபைலே இல்லை.

சங்கரலிங்கம் போனை வைத்துவிட்டு, "ஏம்மா, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"மொதல்ல தெரியாதுங்க சார்."

"சரி, மெமோவ விடு. அத நான் பாத்துக்கிறேன்."

அன்று மாலை நான்கு மணிக்குக் கொளஞ்சியப்பன் வந்தார். நாற்பத்து ஒன்றாவது நம்பர் என்று ருக்குமணி படித்துச் சொன்னாள். அவர் அதைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

"மெமோவ விடுன்னாரா? கிழிச்சாரா?" என்று இரவுச் சோற்றின்போது சாமியம்மாள் கேட்டாள்.

"கிழிக்கல."

"அப்ப அது அங்கயேதான இருக்குது."

மறுநாள் ருக்குமணி அரை மணி முன்னதாகப் போய்ச் சங்கரலிங்கத்தின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"சார், மெமோ தப்புன்னு என் ஃபைல்ல எழுதிக் குடுங்க."

"அதான் பாத்துக்கிறேன்னேனே."

"எழுதிக் குடுங்க சார்."

குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. அவர் இரண்டு கடிதம் படித்தார், டீ குடித்தார், ஒருவரிடம் பேசி அனுப்பினார். அவள் நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் டைப்பிஸ்டைக் கூப்பிட்டு மூன்று வரி சொன்னார். கோளாறு ஆபரேட்டருடையது அல்ல, கண்டுபிடித்தவரும் அவரே, மெமோ ரத்து செய்யப்படுகிறது. நகலை அவள் வாங்கி நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்தாள்.

"சந்தோஷந்தானே?" என்று விஜயகுமாரி கேட்டாள்.

ருக்குமணி யோசித்துப் பார்த்தாள். "சந்தோஷம்னு தெரியலக்கா. கால் வலிக்குது. ரொம்ப நேரம் நின்னுட்டேன்."

ஜனவரியில் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. சாமியம்மாள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரை கொண்டுபோய்க் கொடுத்தாள். ருக்குமணி ஆர்டரைப் பெட்டியில் வைத்துவிட்டு, துணி காயப்போடப் பின்பக்கம் போனாள். கொடியில் கிடந்த வெள்ளை ரவிக்கையில் நிலக்கரித் தூசி படிந்திருந்தது. எடுத்து உதறிப் பார்த்தாள். போகவில்லை. மறுபடியும் வாளியில் போட்டு அலசினாள்.