கட்டைவிரலுக்குப் பன்னிரண்டு பட்டன்

அத்தையின் வலது கட்டைவிரல் சும்மா இருந்து சின்னவள் பார்த்ததே இல்லை. பேருந்துக் கம்பி, காபிக் குவளை, தலையணை, எது அகப்பட்டாலும் அதன்மேல் மேலும் கீழுமாகத் தட்டிக்கொண்டே இருக்கும். பள்ளி நாட்களில் அதை ஏதோ நரம்புக் கோளாறு என்று நினைத்திருந்தாள். குடும்பத்தின் முதல் பட்டதாரியாகி, அத்தை வேலை பார்க்கும் வரைபட அலுவலகத்திலேயே சரிபார்ப்பாளராகச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. அங்கே இல்லாத பட்டன்களை அந்த விரல் அழுத்திப் பழகிக்கொண்டிருந்தது.

வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் விரித்து, ஒவ்வொரு கட்டடத்தையும் சுற்றிக் கோடிழுத்து, பெயர் எழுதுவது அலுவலகத்தின் வேலை. மற்றவர்கள் வலது கையில் மவுஸும் இடது கையில் கீபோர்டுமாக உட்கார்ந்திருப்பார்கள். அத்தைக்கு ஒரு ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு இடது கை விரல்கள் மடங்காது. வேலையை விடச் சொன்ன உறவுக்காரர்களிடம், "கைதானே போச்சு, நான் போகலையே" என்றுவிட்டு, கேமிங் சாமான் விற்கும் கடைக்குப் போய், பக்கவாட்டில் பன்னிரண்டு பட்டன் வைத்த வயர்லெஸ் மவுஸைக் கேட்டாள்.

"பையனுக்காம்மா?" என்றார் கடைக்காரர்.

"பையனும் இல்ல, புருஷனும் இல்ல. எனக்கு. நல்லதா எடுங்க."

இடது கை செய்த வேலையெல்லாம் வலது கட்டைவிரலுக்கு வந்து சேர்ந்தது. எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவைக்க ஒரு மென்பொருள். அதோடு அத்தைக்குத் தினம் சண்டை. கேட்காமலே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், பாஸ்வேர்டு கேட்டு அடம்பிடிக்கும், அவசர நாளாகப் பார்த்து எல்லாப் பட்டனையும் மறந்துவிட்டு முழிக்கும். "உனக்கு நான் என்னடி துரோகம் பண்ணேன்?" என்று திரையைத் திட்டியபடியே மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பாள். மாலையில் மவுஸைப் பழைய காலுறைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவாள். அங்கே அதே மவுஸால், முகம் தெரியாதவர்களோடு சுடும் விளையாட்டு. விளையாட்டில் அவளே தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஒத்தக்கை.

அலுவலகக் கணினிகளில் வெளி மென்பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி அதை நீக்க வந்தான்.

"அக்கா, உடனே தூக்கச் சொல்லியிருக்காங்க. நான் போய் டீ குடிச்சுட்டு வரேன். மவுஸுக்குள்ளயே மெமரி இருக்கு, அதுக்குள்ள ஏத்திக்கங்க."

அத்தை ஏற்றிக்கொண்டாள். மவுஸில் பச்சை விளக்கு எரிந்தால் வேலைக்கான பட்டன்கள், சிவப்பு எரிந்தால் விளையாட்டுக்கானவை. மென்பொருள் இருந்தவரை, திரையில் திறந்திருப்பது எது என்று பார்த்து அதுவே மாற்றிக்கொண்டது. இனி கையால் மாற்ற வேண்டும்.

ஒருநாள் காலை சிவப்பிலிருந்து மாற்ற மறந்துபோனாள். முந்தின நாளே கோடு போட்ட கட்டடத்துக்குப் பெயர் எழுதி, மூடுவதற்கு அழுத்தினாள். மூடிய மாதிரிதான் இருந்தது. அடுத்த பட்டன் ஏறுமாறாகப் போனதும் பச்சைக்கு மாற்றிக்கொண்டாள். விட்டுவந்த கட்டடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னவளின் திரைக்கு அது இப்படி வந்து சேர்ந்தது: "பல் மருத்துவமனை தைரியம் இருந்தா உள்ள வா." பின்பாதி, விளையாட்டில் எதிரணிக்கு ஒத்தக்கை ஒரே பட்டனில் அடித்துவிடும் சவால்.

நாற்காலியை உருட்டிக்கொண்டே போய்க் கிசுகிசுத்தாள். "அத்தை, இதைக் கொஞ்சம் பாருங்க."

"அட கண்றாவியே!" அத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "பல் டாக்டருக்குப் பொருத்தமாத்தான்டி இருக்கு."

"விளையாடாதீங்க. யாருக்கும் தெரியாம நானே அழிச்சிடவா?"

"வேண்டாம். தப்பு என்னோடது. பிழைன்னு குறி போட்டு மேல அனுப்பு. எனக்காக உன் வேலையைக் கெடுத்துக்காதே."

குறி போட்டாள். அத்தையைக் காட்டிக்கொடுக்கத்தான் படித்தோமா என்று நினைத்தபடியே அனுப்பினாள்.

மேற்பார்வையாளர் நேராக அத்தையின் மேசைக்கு வந்தார். "விளையாட்டுச் சாமானை உள்ள விட்டா இதான் நடக்கும். நாளையிலிருந்து நீங்க டெலிபோன் மேசைக்குப் போயிடுங்க. ஹலோ சொன்னா போதும், உங்களுக்கும் சிரமம் இல்ல."

அந்த மேசைக்குப் போனவர்கள் யாரும் வரைபடத்துக்குத் திரும்பியதில்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"பேரு தப்பு, ஒத்துக்கறேன். இதோ திருத்தறேன்" என்றாள் அத்தை. "இடத்தை விட மாட்டேன்."

"எல்லாரும் வெச்சிருக்கற மவுஸை நீங்களும் வெச்சுக்கலாமே?"

அத்தை எழுந்து, பக்கத்து மேசை மவுஸைச் செருகி, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "உட்காருங்க சார். இது எல்லாரும் வெச்சிருக்கறதுதான். இடது கையை பாக்கெட்டுல போட்டுக்கிட்டு ஒரே ஒரு வீடு வரைங்க."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பாதிக் கோட்டில் இடது கை தன்னால் கீபோர்டுக்கு வந்தது.

"கை சார், கை" என்றாள் அத்தை.

பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். கையை மறுபடி மறுபடி உள்ளே திணித்தும் அவருடைய வீட்டுக்கு ஒரு சுவர் குறைந்தது. எழுந்தவர் டெலிபோன் மேசையைப் பற்றிப் பேசவில்லை. கோபம் வேறு பக்கம் பாய்ந்தது. "மென்பொருளைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் இந்தப் பட்டனெல்லாம் எப்படி வேலை செய்யுது?"

கதவோரம் நின்ற கணினித் தம்பி முன்னால் வந்தான். "நான்தான் சார், ஏத்திக்க நேரம் கொடுத்தேன்."

சின்னவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

அத்தை அந்த இடத்திலேயே இருக்கிறாள். மவுஸும் இருக்கிறது. தம்பியை அந்த வாரமே கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள், உடைந்த பிரிண்டர்களுக்குக் காவலாக.

"ஒரு போன் பண்ணி நன்றி சொல்லலாமே அத்தை?"

"எதுக்கு? என் கையால நான் வேலை செய்யறதுக்கு அவன் தயவு வேணுமா? அது எனக்குச் சேர வேண்டியது."

சின்னவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த நியாயத்துக்காகத் தன் இடத்தை இழந்தவன் அவன் ஒருவன்தான். அத்தைக்குப் பதிலாகத் தானே பேசிவிடலாம் என்று ஒருநாள் அவன் எண்ணை எடுத்தாள். தான் சொன்னால் தீருகிற கடனா அது என்று யோசித்து, போனைக் கீழே வைத்துவிட்டாள்.

போன வாரம் அத்தையே வாய் திறந்தாள். "அந்தக் கிடங்குல ஃபேனாவது இருக்காமா?"

"இருக்காம்."

"ம்" என்று சொல்லிவிட்டு அத்தை அடுத்த கட்டடத்துக்குக் கோடு இழுக்கத் தொடங்கினாள். போன் மட்டும் இன்னும் போகவில்லை.